நீ மிகவும் ஏழை. ஆகவே உனக்கு உதவி இல்லை!

வாசகர்களே, ஒரு கணக்குப் போடுகிறோம். விடையை நீங்களே சொல்லுங்கள்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இரண்டு பிள்ளைகளோடு தனியாகக் குடும்பம் நடத்தும் ஒரு தாய் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஹோட்டலில் வேலை செய்து ஆண்டுக்கு 28 ஆயிரம் டாலர் சம்பாதிக்கிறார். முதலாளி மருத்துவக் காப்பீடு தருவதில்லை. இவர் தானாகக் காப்பீடு எடுத்தால், பிரீமியத்தில் பெரும்பகுதியை வாஷிங்டன் அரசு கட்டிவிடும்.

அதே தெருவில் இரண்டு பிள்ளைகளோடு இன்னொரு தாய். இவருக்குப் பாதி நாள்தான் வேலை கிடைக்கிறது. ஆண்டு வருமானம் 14 ஆயிரம் டாலர். இவருக்கு அரசு எவ்வளவு கட்டும்?

'இன்னும் ஏழையாயிற்றே, முழுவதையும் கட்டும்' என்றுதானே சொல்கிறீர்கள்? இல்லை. ஒரு காசு கூடக் கட்டாது! பிள்ளைகளுக்கு அரசுக் காப்பீடு உண்டு. அவர்களைப் பெற்று வளர்க்கும் தாய்க்கு இல்லை.

இது ஏதோ குமாஸ்தா செய்த எழுத்துப் பிழை அல்ல. உலகின் மிகப் பெரிய பணக்கார நாட்டின் நடைமுறைச் சட்டமே இதுதான். வறுமைக்கோட்டுக்கு மேலே இருப்பவருக்கு மானியம். கோட்டுக்குக் கீழே விழுந்தவருக்குக் கைவிரிப்பு!

பத்து மாநிலங்கள் இன்றும் ஏழைகளுக்கான 'மெடிக்கெய்ட்' திட்டத்தை விரிவுபடுத்த மறுத்து நிற்கின்றன. அவற்றில் ஒன்பது மாநிலங்களில் சுமார் 14 லட்சம் பேர் இப்படி அந்தரத்தில் தொங்குகிறார்கள் என்பது கே.எஃப்.எஃப். என்ற சுகாதார ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீடு. இவர்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் டெக்சாஸ்காரர்கள்.

உலகத்துக்கெல்லாம் மனித உரிமை வகுப்பெடுக்கும் வல்லரசின் கொல்லைப்புறம் இது. இந்தக் கொடுமை எப்படி வந்தது, யார் கொண்டுவந்தார்கள், என்ன சப்பைக்கட்டு கட்டுகிறார்கள் என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பள்ளம் தோண்டியவர்கள்

2010 மார்ச் 23 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தின் அமைப்பு எளிமையானது. வறுமைக்கோட்டு வருமானத்தைப் போல் 138 சதவீதம் வரை சம்பாதிப்பவர்களை எல்லா மாநிலங்களும் மெடிக்கெய்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் உள்ளவர்கள் சந்தையில் காப்பீடு வாங்க மத்திய அரசு மானியம் தரும். ஏழைகள் அனைவரும் மெடிக்கெய்டுக்குள் வந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மானியம் பற்றி அந்தச் சட்டத்தில் எழுதவில்லை.

இங்கேதான் கோடாரி விழுந்தது. 26 மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன. 2012 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம், சட்டத்தின் மற்ற பகுதிகள் செல்லும் என்றது. ஆனால் மெடிக்கெய்டை விரிவுபடுத்துமாறு மாநிலங்களை நிர்ப்பந்திக்கக் கூடாது என்றது. விரும்பினால் செய்யலாம், விரும்பாவிட்டால் விடலாம்!

விரும்பாதவர்கள் யார்? டெக்சாஸ், ஃபுளோரிடா, ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி, தென் கரோலினா, டென்னசி, கன்சாஸ், வயோமிங், விஸ்கான்சின். இவற்றில் விஸ்கான்சின் மட்டும் வறுமைக்கோடு வரையுள்ள ஏழைகளைத் தன் பழைய திட்டத்திலேயே சேர்த்துக்கொண்டது. மற்ற ஒன்பதும் சொந்த மக்களைப் பள்ளத்தில் விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கின்றன.

டெக்சாஸில் ஒரு தாய் மெடிக்கெய்டு பெற வேண்டுமானால், மூன்று பேர் குடும்பத்துக்கு ஆண்டு வருமானம் சுமார் 4 ஆயிரம் டாலருக்குள் இருக்க வேண்டும். 2025ஆம் ஆண்டின் வறுமைக்கோடு அதே குடும்பத்துக்கு 26,650 டாலர்! பிள்ளை இல்லாத, ஊனமில்லாத ஒருவர் அடியோடு வருமானமே இல்லாமல் தெருவில் நின்றாலும் அவருக்கு அங்கே மெடிக்கெய்டு கிடையாது.

'பணமில்லை' என்ற பொய்

ஏன் மறுக்கிறீர்கள் என்று கேட்டால் இவர்கள் சொல்லும் முதல் பதில், 'மாநிலத்தால் செலவைத் தாங்க முடியாது' என்பது.

விரிவாக்கச் செலவில் மத்திய அரசு எவ்வளவு ஏற்கிறது தெரியுமா? 2014 முதல் 2016 வரை முழுச் செலவையும் ஏற்றது. பிறகு சிறிது சிறிதாகக் குறைந்து, 2020 முதல் 90 சதவீதத்தில் நிற்கிறது. நூறு டாலர் செலவில் பத்து டாலர் மட்டுமே மாநிலத்தின் பங்கு. அந்தத் தொண்ணூறும் யார் பணம்? டெக்சாஸ் தொழிலாளியும் ஃபுளோரிடா கடைக்காரரும் கட்டும் மத்திய வரியும் அதில் சேர்ந்ததுதான். அந்த வரியில் கலிபோர்னியா ஏழைக்கு மருத்துவம் நடக்கிறது. நல்லது, நடக்கட்டும். ஆனால் வரி கட்டியவனின் பக்கத்து வீட்டு ஏழைக்கு ஏன் நடக்கக் கூடாது?

2010க்குப் பிறகு அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட கிராமப்புற மருத்துவமனைகள் மூடப்பட்டன அல்லது உள்நோயாளிகளைச் சேர்ப்பதை நிறுத்தின. தென் மாநிலங்களில்தான் அடி பலம். பணம் கட்ட வழியில்லாத நோயாளிகள் நிறைந்த ஊரில் மருத்துவமனை எப்படி நிற்கும்? அது மூடப்பட்டால் காப்பீடு வைத்திருக்கும் வசதியானவரும் மாரடைப்பு வந்தால் அடுத்த ஊருக்குத்தான் ஓட வேண்டும். ஏழைக்குத் தோண்டிய குழியில் ஊரே விழுகிறது.

'சோம்பேறிகள்' என்ற பழி

அடுத்த பதில், 'உழைக்காமல் உட்கார்ந்து சாப்பிடுபவர்களுக்கு நாம் ஏன் கொடுக்க வேண்டும்?' என்பது.

யாரைச் சொல்கிறார்கள்? மெடிக்கெய்டு பெறும் உழைக்கும் வயதினரில் பெரும்பாலோர் வேலைக்குப் போகிறவர்கள்தாம். சமையலறையில், கட்டடத்தில், முதியோரைப் பராமரிக்கும் வீடுகளில் மணிக்கூலிக்கு உழைப்பவர்கள். மற்றவர்களில் மிகப் பலர் நோயாளிகள், நோயாளியைக் கவனிப்பவர்கள், படிப்பவர்கள்.

இருந்தும் ஆர்கன்சா மாநிலம் 2018இல் இந்தப் பரிசோதனையைச் செய்து பார்த்தது. மாதம் 80 மணி நேரம் வேலை செய்ததாகக் கணக்குக் காட்டாவிட்டால் மெடிக்கெய்டு ரத்து! சில மாதங்களில் சுமார் 18 ஆயிரம் பேர் காப்பீட்டை இழந்தார்கள். சரி, வேலைக்குப் போனவர்கள் கூடினார்களா? இல்லை என்று மருத்துவ ஆய்விதழில் வெளியான ஆய்வு காட்டியது. 2019 மார்ச்சில் மத்திய நீதிபதி ஒருவர் அதை நிறுத்தினார். வேலை செய்தவர்களிலும் பலர் படிவம் நிரப்பத் தெரியாமல், தகவல் வந்து சேராமல் வெளியே தள்ளப்பட்டார்கள்.

ஜார்ஜியா பாடம் கற்றதா? 2023 ஜூலையில் அதே 80 மணி நேர நிபந்தனையோடு தனித் திட்டம் தொடங்கியது. தகுதிக்குரிய ஏழைகள் லட்சக்கணக்கில் இருக்க, முதல் ஆண்டில் சேர்ந்தவர்கள் ஐயாயிரம் பேர் கூட இல்லை!

இன்னொன்றையும் கேளுங்கள். அமெரிக்காவில் கம்பெனி தரும் காப்பீட்டுக்கு வருமான வரி கிடையாது. 1954 முதல் இது சட்டம். சம்பளம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு வரி மிச்சம். அதாவது, கோட் சூட் போட்ட மேலாளரின் மருத்துவத்துக்கும் அரசு உதவுகிறது. அது கண்ணுக்குத் தெரியாத உதவி. அதை யாரும் 'இலவசம்' என்று ஏசுவதில்லை. மெடிக்கெய்டு கூடாது என்று பேசும் காங்கிரஸ் உறுப்பினர்களின் காப்பீட்டுப் பிரீமியத்திலும் பெரும்பகுதி அரசுக் கஜானாவிலிருந்துதான் போகிறது. இவர்கள் வாங்கினால் சலுகை; ஏழை வாங்கினால் சோம்பேறித்தனமா?

'எமர்ஜென்சி இருக்கிறதே!'

'யாரையும் சாகவிடவில்லையே, அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனால் பார்ப்பார்களே' என்பது மூன்றாவது சமாதானம்.

1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, உயிருக்கு ஆபத்தோடு வருபவரைப் பணம் கேட்டுத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது உண்மை. ஆனால் அந்தச் சட்டம் கேட்பது, அந்த நேரத்து ஆபத்திலிருந்து நிலைப்படுத்துவதை மட்டும்தான். சர்க்கரை நோய்க்கு மாதாமாதம் மருந்து கிடைக்காது. கால் அழுகிய பிறகு வந்தால் சேர்த்துக்கொள்வார்கள். புற்றுநோய்க் கட்டியைச் சோதிக்க மாட்டார்கள்; அது முற்றி ரத்தப்போக்கோடு வந்தால் நிறுத்திக் கொடுப்பார்கள். பிறகு வீட்டுக்குப் பில் வரும்! மலிவாகத் தடுக்க வேண்டியதை முற்றவிட்டு, மிக அதிகச் செலவுள்ள வாசலில் ஏழையை நிறுத்துவதுதான் சிக்கனமா?

2023இல் மட்டும் அமெரிக்கா மருத்துவத்துக்குச் செலவிட்டது 4.9 லட்சம் கோடி டாலர். நாட்டின் மொத்த உற்பத்தியில் இது 17.6 சதவீதம். அந்த நாட்டில்தான் அதே ஆண்டில் சுமார் 2 கோடியே 60 லட்சம் பேருக்குக் காப்பீடு இல்லை!

காப்பீடு உயிரைக் காக்குமா?

எதிர்த்தரப்பில் சற்றே கனமான வாதம் ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மை அல்ல. 2008இல் ஓரிகான் மாநிலத்தில் மெடிக்கெய்டில் கொஞ்சம் இடம் இருந்தது. சுமார் 90 ஆயிரம் பேர் விண்ணப்பித்தார்கள். மாநிலம் என்ன செய்தது? குலுக்கல் போட்டது! மருந்துக்கும் மருத்துவருக்கும் சீட்டுக் குலுக்கிய கேவலத்தை நாம் பேச வேண்டும். ஆனால் ஆராய்ச்சியாளர்களுக்கு அது நல்ல வாய்ப்பாயிற்று. இரண்டு ஆண்டுகளில் மெடிக்கெய்டு பெற்றவர்களின் ரத்த அழுத்தத்திலும் கொழுப்பிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. 'பார்த்தீர்களா, பயனில்லை' என்று கூவினார்கள். குடும்பத்தை முறிக்கும் மருத்துவச் செலவு ஏறக்குறைய ஒழிந்ததும், மனச்சோர்வு குறைந்ததும் அதே ஆய்வில் இருந்தன. அவற்றை வசதியாக விட்டுவிட்டார்கள்.

பிறகு 2017இல் இன்னொன்று நடந்தது. காப்பீடு எடுக்காமல் அபராதம் கட்டிய சுமார் 39 லட்சம் குடும்பங்களுக்கு அமெரிக்க வருமான வரித்துறை ஒரு கடிதம் அனுப்பியது. 'காப்பீடு வாங்க இன்னின்ன வழிகள் உண்டு' என்ற விவரம் மட்டும்தான் அதில். பணம் பற்றாமல் சுமார் 6 லட்சம் குடும்பங்களுக்குக் கடிதம் போகவில்லை; யாருக்குப் போகாது என்பதும் எந்த வேறுபாடும் பாராமல் தீர்மானிக்கப்பட்டது. பொருளாதார நிபுணர்கள் இரு தரப்பையும் ஒப்பிட்டார்கள். கடிதம் பெற்ற 45 முதல் 64 வயதுக்குட்பட்டவர்களில், அடுத்த இரண்டு ஆண்டுகளில், 1,648 பேருக்கு ஒரு மரணம் குறைந்திருந்தது.

சிந்தித்துப் பாருங்கள்! ஒரு கடிதமே உயிரைக் காத்தது என்றால், காப்பீட்டையே மறுப்பவர்களை என்ன பெயர் சொல்லி அழைப்பது?

எண்பது ஆண்டுப் பூச்சாண்டி

இந்த எதிர்ப்பு ஒபாமாவோடு பிறந்ததல்ல. 1945 நவம்பரில் அதிபர் ட்ரூமன் எல்லாருக்கும் தேசியக் காப்பீடு என்றார். அமெரிக்க மருத்துவர் சங்கம் உறுப்பினருக்கு 25 டாலர் வீதம் வசூலித்து, விளம்பரக் கம்பெனியை அமர்த்தி, 'சோஷலிச மருத்துவம்' என்று பூச்சாண்டி காட்டித் தோற்கடித்தது. 1961இல் முதியோருக்கான திட்டம் பேசப்பட்டபோது, அதே சங்கத்துக்காக அதே பூச்சாண்டியை இசைத்தட்டில் பேசிக் கொடுத்தவர் யார்? பின்னாளில் அதிபரான ரொனால்டு ரீகன்!

1965 ஜூலை 30 அன்று முதியோருக்கு மெடிக்கேரும் ஏழைகளுக்கு மெடிக்கெய்டும் வந்தன. சோஷலிசம் வந்துவிட்டதா? வந்தது வேறொன்று. மத்திய அரசின் மெடிக்கேர் பணம் வேண்டுமானால் கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து வைக்கக் கூடாது என்ற நிபந்தனையால், 1966இல் சில மாதங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் நிறப் பிரிவினையைக் கைவிட்டன. மத்திய அரசின் மருத்துவப் பணம் என்றாலே தென் மாநில அரசியல்வாதிகள் சிலருக்கு ஏன் கசக்கிறது என்பதற்கு இந்த வரலாற்றிலும் பதில் இருக்கிறது. இன்று பள்ளத்தில் கிடப்பவர்களில் கறுப்பரின் பங்கு மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள பங்கைவிட அதிகம்.

வேடிக்கை என்னவென்றால், 'எல்லாரும் காப்பீடு எடுத்தே ஆகவேண்டும்' என்ற விதியை 1989இல் எழுதி வைத்தது வலதுசாரிகளின் ஹெரிடேஜ் ஆய்வு மையம். 2006இல் மாசசூசெட்ஸில் அதைச் சட்டமாக்கியவர் குடியரசுக் கட்சி கவர்னர் மிட் ராம்னி. அதையே ஒபாமா எடுத்ததும் 'சர்வாதிகாரம்' ஆகிவிட்டது! பிரதிநிதிகள் சபையில் ஐம்பது தடவைக்கு மேல் அந்தச் சட்டத்தை முழுதாகவோ பகுதியாகவோ ஒழிக்க வாக்களித்தார்கள். மாற்றாக என்ன தருவீர்கள் என்று கேட்டால் பதில் இல்லை. 2017 ஜூலை 28 நள்ளிரவுக்குப் பின், அதே கட்சியின் மெக்கெய்ன், காலின்ஸ், மர்கோவ்ஸ்கி மூவரும் எதிர்த்து நின்றதால் 49க்கு 51 என்று அந்த முயற்சி செனட்டில் விழுந்தது.

மக்கள் கேட்டபோது

'எங்கள் மாநில மக்களே இதை விரும்பவில்லை' என்கிறார்கள். மக்களை நேரடியாகக் கேட்ட இடங்களில் என்ன நடந்தது? 2017இல் மெய்ன். 2018இல் ஐடஹோ, யூட்டா, நெப்ராஸ்கா. 2020இல் ஓக்லஹோமா, மிசௌரி. 2022இல் தென் டகோட்டா. பெரும்பாலும் குடியரசுக் கட்சியின் கோட்டைகள். எல்லா இடத்திலும் பொது வாக்கெடுப்பில் மக்கள் 'விரிவாக்கு' என்றார்கள்! மிசௌரி சட்டமன்றம் அதற்குப் பணம் ஒதுக்க மறுத்தது; 2021இல் மாநில உச்ச நீதிமன்றம் நடத்தியே தீரவேண்டும் என்றது.

டெக்சாஸிலோ ஜார்ஜியாவிலோ அலபாமாவிலோ மக்கள் கையெழுத்துத் திரட்டிச் சட்டம் கொண்டுவர வழியே கிடையாது. அதனால்தான் அங்கே கவர்னர்களுக்கு இவ்வளவு துணிச்சல்.

ஜனநாயகக் கட்சி யோக்கியமா?

ஒரு தரப்பை மட்டும் ஏசிவிட்டு மறுதரப்புக்கு மாலை போட நாம் தயாரில்லை. 2009இல் அரசே நடத்தும் பொதுக் காப்பீட்டைச் சட்டத்தில் சேர்ப்பதாகச் சொல்லிவிட்டு, செனட்டில் அறுபது வாக்குகளுக்காக அதைக் கைவிட்டவர்கள் இவர்கள்தாம். 2021 நவம்பரில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறிய மசோதாவில் இந்தப் பள்ளத்தை அடைக்கும் பிரிவு இருந்தது. 2022இல் இறுதிச் சட்டம் வந்தபோது அந்தப் பிரிவைக் காணோம்! சந்தையில் காப்பீடு வாங்குவோருக்குக் கூடுதல் மானியம் மட்டும் 2025 முடிய நீடித்தது. பேரம் என்று வந்ததும் முதலில் விற்கப்பட்டவன் யார்? குரலற்ற ஏழைதான்.

2025இல் விழுந்த இடி

2025 ஜூலை 4 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய வரிச் சட்டம், ஆர்கன்சாவில் தோற்றுப்போன 80 மணி நேர நிபந்தனையை நாடு முழுவதற்கும் கொண்டுபோகிறது. விரிவாக்கத்தால் மெடிக்கெய்டு பெற்றவர்கள் 2027 தொடக்கத்துக்குள் இந்த வலையில் சிக்குவார்கள். ஆண்டுக்கு ஒருமுறை இருந்த தகுதிச் சோதனை இவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆகிறது. இந்தச் சட்டத்தால் 2034க்குள் மேலும் சுமார் 1 கோடிப் பேர் காப்பீடு இழப்பார்கள் என்று சொன்னது எதிர்க்கட்சி அல்ல; காங்கிரஸின் சொந்த வரவு செலவு ஆய்வு அலுவலகம். மிகக் கீழே உள்ள பத்தில் ஒரு பங்கினர் இழப்பார்கள், மிக மேலே உள்ள பத்தில் ஒரு பங்கினர் லாபமடைவார்கள் என்றும் அதே அலுவலகம் கணக்கிட்டது.

அந்தக் கூடுதல் மானியத்தை நீட்டிப்பது பற்றிய சண்டையில் 2025 அக்டோபர் 1 முதல் 43 நாட்கள் மத்திய அரசு அலுவலகங்கள் முடங்கின. முடங்கித் திறந்த பிறகும் தீர்வு வரவில்லை. டிசம்பர் 31ஆம் தேதியோடு கூடுதல் மானியம் காலாவதியானது.

கவனியுங்கள்: இந்தக் கூச்சல் அனைத்தும் மானியம் பெற்றுக்கொண்டிருந்தவர்களைப் பற்றியது. அவர்களின் கவலை நியாயமானதுதான். ஆனால் எதுவுமே கிடைக்காமல் பள்ளத்தில் கிடக்கும் 14 லட்சம் பேரின் பெயரை அந்த 43 நாட்களில் எத்தனை தலைவர்கள் உச்சரித்தார்கள்?

தர்மம் செய்தால் தீருமா?

'அரசு எதற்கு? தொண்டு நிறுவனங்கள் பார்த்துக்கொள்ளும்' என்போரும் உண்டு. 1992 கலவரத்தில் எரிந்த தெற்கு லாஸ் ஏஞ்சல்ஸில், முஸ்லிம் மருத்துவ மாணவர்கள் முன்னின்று 1996இல் 'உம்மா' என்ற மருத்துவ நிலையத்தைத் திறந்தார்கள். மதமும் நிறமும் பாராமல், காப்பீடு இல்லாதவர்களுக்கு அங்கே மருத்துவம் நடக்கிறது. நாம் பெருமைப்பட வேண்டிய பணி. ஆனால் தொண்டு செய்யும் டாக்டர் நாடித்துடிப்பைப் பார்க்கலாம், மாத்திரை தரலாம். இதய அறுவைக்கும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் எந்தத் தர்மப் பெட்டி போதும்? ஏழை தர்மம் கேட்கவில்லை. அவனுக்கு உரிமை வேண்டும்.

வாசகர்களே! ஹூஸ்டனிலும் டல்லாஸிலும் அட்லாண்டாவிலும் உங்கள் உறவினர்கள் இருக்கலாம். குடியுரிமை பெற்று வாக்குரிமையோடு இருக்கலாம். கம்பெனி தந்த காப்பீட்டு அட்டை அவர்கள் சட்டைப்பையில் பத்திரமாக இருக்கும். அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது நலம் விசாரித்த கையோடு இதையும் கேளுங்கள்: 'உங்கள் மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவரிடம் மெடிக்கெய்டை விரிவுபடுத்துவாயா என்று கேட்டீர்களா?'

செய்ய வேண்டியது மலை அல்ல. பத்து சட்டமன்றங்களில் ஒரு தீர்மானம். அல்லது வாஷிங்டனில், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கும் மானியம் உண்டு என்று சட்டத்தில் ஒரே ஒரு திருத்தம். 2012இலிருந்து இதற்கு நேரமில்லை என்கிறார்கள். வரிச் சலுகைக்கு மட்டும் நேரம் கிடைத்தது!